மொசைக்கை விடுங்கள், அடுப்பைப் பாருங்கள்

ரோம் என்றதும் நமக்கு முசிறியும் மிளகும்தான் ஞாபகம் வரும். தப்பில்லை, நானும் அந்தக் கட்சிதான். ஆனால் சில வாரங்களாக நான் படிப்பது மிளகு வாங்கியவர்களைப் பற்றி அல்ல. ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் வயலே கதியென்று கிடந்தவர்களைப் பற்றி.

ரோமானிய பிரிட்டன் என்று படம் தேடினால் மொசைக் தரை போட்ட மாளிகைகள்தான் வரும். 1864இல் கண்டெடுத்த செட்வர்த் மாளிகை அதில் நிச்சயம் இருக்கும். ஊர்ச்சனத்தில் எத்தனை பேர் அப்படியொரு வாசலை மிதித்திருப்பார்கள்? கி.பி. 43இல் படை வந்து இறங்கிய பிறகும், பல இடங்களில் குடியானவர்கள் தாத்தா காலத்து வட்டக் குடிசையிலேயே தலைமுறைகளாக இருந்திருக்கிறார்கள்.

இவ்வளவு தெரியவந்ததற்கு முக்கியக் காரணம் ஒரு விதி. புதிதாகக் கட்டடம் கட்டுகிறவரே அந்த இடத்தின் அகழாய்வுச் செலவையும் ஏற்கும் நடைமுறை 1990இல் இங்கிலாந்தில் வந்தது. அதற்கு முன் மாளிகையையும் கோட்டையையும் தேடித்தான் அதிகம் தோண்டினார்கள். புல்டோசர் எதையும் தேடவில்லை, அதனால் குடிசையும் வயலோரப் பள்ளமும் அகப்பட்டன. அலமாரியில் தூங்கிய அந்த அறிக்கைகளை ரெடிங் பல்கலைக்கழகக் குழுவினர் திரட்டி, 2500க்கும் மேற்பட்ட இடங்களைப் பற்றி 2016 முதல் 2018க்குள் மூன்று தொகுதிகள் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது தானிய அடுப்பு. தரையில் ஆங்கில ‘டி’ வடிவில் கல் பதித்த கால்வாய்; ஒரு முனையில் தீ, மேலே தளம் போட்டுத் தானியம். எரிக்க ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகையின் உமி. மழை நாடாயிற்றே, ஈரத் தானியத்தைக் காயவைத்திருப்பார்கள் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 1970களில் தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ், பழங்கால விவசாயத்தைச் செய்து பார்ப்பதற்கென்றே இருந்த இங்கிலாந்தின் பட்சர் பண்ணையில் அதேபோல் ஒன்றைக் கட்டிப் பார்த்தார். காயவைக்க அது சுமார்தான். பியருக்காக முளைகட்டிய தானியத்தை வாட்ட நன்றாகப் பொருந்தும் என்றார். சில அடுப்புகளில் முளைவிட்ட தானியம் கருகியே கிடைத்திருக்கிறது. அன்றைக்கு யாரோ அடுப்பைக் கவனிக்காமல் விட்டு வசவு வாங்கியிருக்க வேண்டும். கருகாவிட்டால் அது மண்ணோடு மக்கிப்போயிருக்கும்.

வடக்கே விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரச்சீவல் கடிதமொன்றில் மாஸ்க்ளஸ் என்ற படைத் தலைவர், ‘ஆட்களிடம் பியர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள்’ என்று மேலதிகாரியிடம் கேட்கிறார். பார்லி விளைவித்தவன் பெயர் அதில் இல்லை. மிளகு இருக்கிறது, அதே கோட்டையின் கணக்குச் சீவல் ஒன்றில். எங்கே போனாலும் நம்மை விடாது போல.