தெற்கே போகும் பாய்ப்படகுகள் பொங்கல் வரை பொறுக்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் பாய்ப்படகில் வேலையாளாகப் போகும் நம் பிள்ளைகள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஓர்க்கா என்ற கொலைகாரத் திமிங்கிலத்தைப் பற்றித்தான். 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓர்க்காக்கள் படகைத் திருப்பும் சுக்கானை முறிக்கும் காணொளிகள் அப்படிப் பரவிவிட்டன. அது அந்தக் கடலில் வாழும் ஒரு சிறு கூட்டத்தின் பழக்கம். கேப் பக்கம் பேரெடுத்த போர்ட், ஸ்டார்போர்ட் என்ற இரண்டு ஓர்க்காக்கள் வேட்டையாடுவது சுறாக்களை. இங்கே அஞ்ச வேண்டியது குட்டியோடு மெதுவாக நகரும் பெரிய திமிங்கிலங்களுக்கு.

கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூன் வாக்கில் மொசாம்பிக் பக்கம் ஏறிப்போய், செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கே இறங்குகின்றன. வளர்ந்தது ஒன்று சுமார் 14 மீட்டர், 30 டன். மொரீஷியஸ், ரியூனியனிலிருந்து படகுகள் புயல் பருவத்துக்கு முன்பாக இங்கே வந்து சேர்வதும் அக்டோபர், நவம்பரில்தான். வந்த கையோடு கிளம்பினால் திமிங்கிலத்துக்கும் உங்களுக்கும் ஒரே பாதை, ஒரே திசை.

இதைக் கடினமாக்குவது அகுல்யாஸ் நீரோட்டம். கடல் 200 மீட்டர் ஆழமாகும் கோட்டை ஒட்டி அது தென்மேற்காக 3, 4 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடும். டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் ஏறக்குறைய 250 கடல் மைல், நடுவில் நம்பி ஒதுங்கத் துறைமுகம் கிடையாது. அதனால் எல்லோரும் நீரோட்டத்தைப் பிடித்துத்தான் போவார்கள். தென்மேற்குக் காற்று எதிரே அடித்தால் அங்கே அலை செங்குத்தாக எழும். பெரிய கப்பல்களையே உடைத்திருக்கிறது. அப்போது கரைப்பக்கம், கடலின் ஆழம் 100 மீட்டருக்குக் குறைவான இடத்துக்கு ஒதுங்க வேண்டும். அந்த விதியை எந்த மாதத்திலும் மீறாதீர்கள். ஆனால் அதே கரையோரம்தான் திமிங்கிலங்கள் நடமாடும் இடமும். இரவு, 35 நாட் காற்று, எங்கும் வெண்ணுரை என்றால் அவை மூச்சுவிடும் நீர்ப்புகை கண்ணில் படவே படாது. இரண்டு ஆபத்தையும் ஒரே இரவில் வலிய வாங்கிக்கொள்வானேன்? டிசம்பர் முடிவதற்குள் பெருங்கூட்டம் கடந்துவிடும், அதனால்தான் பொங்கல் வரை பொறுங்கள் என்கிறேன்.

தென்மேற்குக் காற்று ஜனவரியிலும் வரத்தான் செய்யும். அது ஓய்ந்து காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் உயர்ந்து நிற்கும்போது கிளம்புங்கள். வழியில் முள் இறங்கி, நின்று, மறுபடி ஏறத் தொடங்கினால் அடுத்த தென்மேற்கு பக்கத்தில் வந்துவிட்டது. காற்றுக்குக் காத்திராமல் கரைப்பக்கம் திரும்புங்கள்.

பொறுக்க முடியாதவர்கள் ஒரு கண்ணை எப்போதும் முன்பக்கம் வையுங்கள். கேப் டவுனுக்குக் கிழக்கே ஹெர்மானஸ் ஊர்ப்பக்கம் நவம்பர் வரை தங்கும் ரைட் என்ற வகைத் திமிங்கிலத்துக்கு முதுகுத் துடுப்பு இல்லை. அசையாமல் பாறை போல மிதக்கும். 2010 ஜூலையில் கேப் டவுனை ஒட்டிய டேபிள் விரிகுடாவில் அந்த இனத்தில் ஒன்று துள்ளி ஒரு படகின் மேல் விழுந்து பாய்மரத்தை முறித்தது. 300 மீட்டர் விலகியிருப்பது இந்நாட்டுச் சட்டம். அருகில் ஒன்று மேலெழுந்தால் வேகத்தைக் குறைத்து, தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகாமல் விலகுங்கள். எஞ்சின் சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடும் என்பார்கள். அதை நம்பிக் காவலைக் குறைக்காதீர்கள்.

மோதினால் ஆள் கடலில் விழுவதுதான் முதல் ஆபத்து. இரவில் மேல்தளத்தில் இருப்பவர் பாதுகாப்பு வாரை மாட்டியே இருக்க வேண்டும். மோதியதும் பாயை இறக்கி, ஆட்களை எண்ணி, தரைப்பலகைகளைத் தூக்குங்கள். தண்ணீர் இருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு இல்லையென்றால் குடிநீர்த் தொட்டி உடைந்திருக்கும். பிறகு கீலை (படகின் அடியில் இறங்கும் பாரமான பகுதி) பிடித்திருக்கும் போல்ட்டுகள், சுக்கான் தண்டு நுழையும் இடம், எஞ்சின் தண்டு வழியே நீர் புகாமல் தடுக்கும் சீல் ஆகியவற்றைப் பாருங்கள். சுக்கானில் இடி பட்டால் அதன் தண்டைச் சுற்றிப் பிளக்கலாம், ஏனென்றால் இடியின் பாரம் அங்கே நெம்புகிறது. பிளவில் மெத்தையைத் திணித்துப் பலகையால் முட்டுக் கொடுங்கள். நீரடியில் இறுகும் எப்பாக்சிப் பசை இரண்டு பொட்டலமாவது இருக்கட்டும். சுக்கான் போய்விட்டால், பின்பக்க இரு மூலைகளிலிருந்தும் கயிறு கட்டி ஒரு சிறிய ட்ரோக்கை (நீரில் இழுபட்டு வேகத்தைத் தடுக்கும் துணிக் கூம்பு) இழுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தக் கயிற்றைச் சுருக்கினால் படகு திரும்பும். இதைத் துறைமுகத்துக்கு வெளியே அமைதியான நாளில் ஒருமுறை செய்து பாருங்கள்.

ஆபத்து அழைப்புக்கான விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிடத் தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கரையில் மீட்புப் படகு வந்து சேர மணிக்கணக்காகலாம்.