மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பலாம், ஆனால்...

குறைமாதக் குழந்தைக்கு மூச்சு சீராகிவிட்டது. உடம்புச் சூடு தானாக நிற்கிறது, எடையும் ஏறுகிறது. பால் மட்டும் முழுசாக உறிஞ்சிக் குடிக்க வரவில்லை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்தான் மீதிப் பால் இறங்குகிறது. இதற்காக மட்டும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூவிலேயே வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடுவது ஒத்துவரவே கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும். முழுப் பாலையும் வாயால் குடிக்க இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை குழாயோடு வீட்டில் இருக்கலாம்.

ஆனால் டிஸ்சார்ஜ் தேதியை எடையை மட்டும் பார்த்துக் குறிக்கக் கூடாது. பெற்றோர் தாங்களே குழாயைச் சரிபார்த்துப் பால் கொடுப்பதை, நர்ஸ் பக்கத்தில் நின்று, இடையில் எதுவும் சொல்லாமல் பார்த்துத் திருப்தியடைந்த பிறகுதான் அனுப்ப வேண்டும்.

குழாய் இடம் மாறினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு. ஒவ்வொரு முறையும் மூக்கோரத்தில் இருக்கும் சென்டிமீட்டர் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சிரிஞ்சால் மெதுவாக இழுத்து, வருவதில் ஒரு சொட்டை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் விடுங்கள் (எண் குறைந்தால் அமிலம் அதிகம், அதாவது வயிற்று நீர்). 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கொடுக்கலாம். மேலே இருந்தால் கொடுக்கவே கூடாது. சற்று முன் குடித்த பாலும் அமிலம் குறைக்கும் மருந்தும்கூட பி.எச். அளவை ஏற்றிவிடும், அதனால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா? இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பவே வேண்டாம். குழாய் நுனி தப்பான இடத்தில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கும்.

அளவை டாக்டர் எழுதித் தருவார். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 160 மில்லி என்றால், 2 கிலோ குழந்தைக்கு 320 மில்லி. 3 மணிக்கொரு முறை என்றால் ஒரு வேளைக்கு 40 மில்லி. சிரிஞ்சின் தள்ளும் தண்டைக் கழற்றிவிட்டு, குழந்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துப் பாலை ஊற்றுங்கள். 20 நிமிடம் போல எடுத்துத் தானாக இறங்கட்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் வாந்திதான் வரும். நடுவில் இருமினாலோ, திணறினாலோ, உதடு நீலமானாலோ உடனே நிறுத்துங்கள். குழாயை மடக்கி இறுக்கிப் பிடித்தபடியே உருவி எடுங்கள். மடக்காமல் எடுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் பால் தொண்டையில் சொட்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும் தாமதிக்கக் கூடாது.

குழாயில் பால் இறங்கும்போதே குழந்தையை மார்பில் வைத்துச் சப்ப விடுங்கள். சப்பினால் வயிறு நிறையும் என்பது அதற்குப் பழக வேண்டும். இதைப் பல வார்டுகளில் சொல்லித் தருவதே இல்லை என்பதுதான் என் பெரிய வருத்தம்.

ராத்திரி 2 மணிக்குக் குழந்தை குழாயைப் பிடுங்கிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, திரும்பப் போடுவது யார், வாரா வாரம் எடை பார்த்துக் குழாய்ப் பாலைக் குறைப்பது யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பெயரும் போன் நம்பரும் எழுதித் தரும்வரை டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.