எங்கப்பாவுக்கு ஓசிடி இல்லைங்க

"அது உங்கப்பா தானே, செம்ம காமெடி"ன்னு இன்பாக்ஸ்ல வந்து சிரிச்சுட்டுப் போறவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே பதிவு. ஆமா, அந்த ரீல்ஸ் வீடியோவுல இருக்குறது எங்கப்பா தான். எடுத்தது எங்க சித்தப்பா மகன். பொங்கல் லீவுக்கு வந்து எங்க வீட்டு சோத்த தின்னுட்டு, எங்கப்பா கட்டில்லயே தூங்கிட்டு, அவருக்குத் தெரியாம வீடியோ எடுத்து, பின்னாடி ஒரு கோமாளி மியூசிக்கும் போட்டு "ஓசிடி தாத்தா"ன்னு பேரு வச்சு விட்டுருக்கான் (ஓசிடின்னா செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மன வியாதி). பெரியப்பா எப்படா தாத்தா ஆனாரு?

செருப்ப ரெண்டு தட்டு தட்டிட்டுத் தான் போடுறாரு, அது சிரிப்பா இருக்கு. பாயையும் தலகாணியையும் உதறிட்டுப் படுக்குறாரு, அதுவும் சிரிப்பு. மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிய புறங்கையால தொட்டுப் பாத்துட்டு சுவிட்ச அமுக்குறாரு, அதுக்கு ஸ்லோ மோஷன் வேற. ராத்திரி வாசல்ல நின்னு வானத்தப் பாக்குறாரு, கீழ "தாத்தா சிக்னல் தேடுறார்"னு எழுத்து.

தம்பி, நீ சென்னையில எட்டாவது மாடியில இருக்க. இஞ்ச மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல, கொல்லப்பக்கம் எறங்குனா வாய்க்கா, அதத் தாண்டுனா வயலு. கட்டுவிரியன் ராத்திரியில தான் நடமாடும். தரையில படுத்துருக்கவங்கள கடிச்சா பல நேரம் வலியே இருக்காது, கடிவாயும் தெரியாது, எறும்புன்னு நெனச்சு திரும்பிப் படுத்தவங்களுக்கு விடியறதுக்குள்ள கண்ணு சொருகிடும். பாய உதறுறது அதுக்கு. கரண்ட் கசிஞ்சா உள்ளங்கை வெரலு தானா மடங்கி அதையே புடிச்சுக்கும், அதனால புறங்கை. "டெஸ்டர் வச்சுப் பாக்கலாமே, இது டேஞ்சர்"னு ஒருத்தர் அறிவுர எழுதியிருக்காரு. சரிதான் சார், ஒண்ணு வாங்கி அனுப்புங்க.

மனுசன் பாத்து செய்றாரு. அவ்வளவு தான் விஷயம். வெள்ளன எந்திரிச்சு வரப்பு மேல ஒரு சுத்து வருவாரு, எலி வளை புதுசா இருக்கா, நண்டு வளையில தண்ணி கசியுதான்னு பாத்துட்டுத் தான் காப்பி. கடைமடைக்காரங்களுக்கு இதெல்லாம் வேடிக்கை இல்ல, மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தாங்கன்னு டிவியில பூ தூவுவாங்க, அந்தத் தண்ணி கல்லணைக்கு வந்து, பிரிஞ்சு, எங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள நாத்து காஞ்சே போயிடும் சில வருசம், அப்படி வந்த தண்ணிய நண்டு வளையில விட்டுட்டு நிக்க முடியுமா? நெல்ல ஒண்ணு எடுத்துக் கடிச்சுப் பாத்து "இன்னும் ஒரு வெயிலு காயட்டும்"னு சொல்லுவாரு. கொள்முதல் நிலையத்துல மெஷின் 17 சதவீதத்துக்கு மேல ஈரம் காட்டுனா மூட்டைய தள்ளி வச்சுடுவாங்க. எங்க மூட்ட அப்படித் தள்ளி வச்சு நான் பாத்ததில்ல. நெல்லக் கடிச்சதையும் எடுத்துருக்கலாமே தம்பி, இன்னும் நாலு லைக்கு வந்துருக்கும்.

இதுல பெரிய கூத்து, இவன் போன்ல, செய்றத முழு கவனத்தோட செய்யச் சொல்லிக் குடுக்குற மைண்ட்ஃபுல்னஸ் ஆப் வச்சுருக்கான். காசு கட்டி. "21 நாள்ல பழக்கத்த மாத்தலாம் அக்கா"ன்னு எனக்கே கிளாஸ் எடுத்தான். அந்த 21 எங்கேருந்து வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு புது மூஞ்சி பழக கொறஞ்சது 21 நாளாவது ஆவுதுன்னு 1960ல எழுதுனாரு, அந்த "கொறஞ்சது"ங்குறத எல்லாரும் சேந்து முழுங்கிட்டாங்க. அப்புறம் லண்டன்ல ஃபிலிப்பா லாலிங்குற ஆராய்ச்சியாளர் 96 பேர வச்சு 12 வாரம் பாத்துட்டு, ஒரு பழக்கம் படிய சராசரியா 66 நாள், ஆளப் பொறுத்து 18லேர்ந்து 254 வரைக்கும் ஆவும்னு அத வச்சுக் கணக்குப் போட்டுச் சொன்னாங்க. எங்கப்பா பொறந்ததுலேர்ந்து செஞ்சுகிட்டு இருக்காரு, அவருக்கு எந்த ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்பல. நீ சோறு திங்கும்போது தட்டுல என்ன இருக்குன்னு பாத்தியா? எங்கம்மா வச்ச மீன் கொழம்ப சாம்பாரு நல்லாருக்குன்னு சொன்னவன்டா நீ.

"தமாசுக்குப் போட்டதுக்கு இவ்வளவு கோவமா"ம்பீங்க. உங்கப்பாவ வச்சு தமாசு பண்ணுங்க, நானும் வந்து சிரிக்கிறேன். "நெஜமாவே ஓசிடியா இருந்தா டாக்டர்ட்ட காட்டலாமே"ன்னு ஒரு அக்கா நல்ல மனசோட கேட்டுருந்தாங்க, அதுக்கு மட்டும் ஒழுங்கா பதில் சொல்றேன். அந்த வியாதிக்காரங்களுக்கு கதவு பூட்டியிருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலும் மனசு விடாது, திரும்பத் திரும்பப் போயி இழுத்துப் பாக்கணும், அதுலயே பொழுது போயி ஆளே ஒடுங்கிடுவாங்க. எங்கப்பா ஒரு தடவ உதறிட்டு, படுத்த நிமிசத்துல கொறட்ட விடுவாரு. அந்த வியாதியோட கெடந்து மல்லாடுறவங்க பேர எடுத்து ஒருத்தருக்குப் பட்டம் கட்டுறது தான் எனக்கு அசிங்கமா இருக்கு. இன்னொருத்தங்க "எல்லாத்தயும் பாத்து செய்றவரு சாப்புட்ட தட்ட எடுத்து வைப்பாரா?"ன்னு கேட்டுருக்காங்க. அது வேற பதிவு.

வானத்தப் பாக்குறதுக்கு வர்றேன். 2018 நவம்பர், கஜா புயல். அன்னக்கி சாயங்காலம் காத்தையும் மேகத்தையும் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கொட்டாயிக்குப் போயி மாட்டையும் கன்னுக்குட்டியையும் அவுத்து விட்டுட்டு வந்தாரு. "மழையில மாட்ட அவுத்து விடுவாவளா, புத்தி கெட்டுப் போச்சா"ன்னு அம்மா சத்தம் போட்டாங்க. விடிஞ்சு பாத்தா கொட்டாயி தரையோட தரை, மேல தென்ன விழுந்து கெடக்கு. மாடு ரெண்டும் பெரிய வரப்புல நிக்கிது.

இத எழுத வேணாம்னு தான் இருந்தேன், எழுதியே விடுறேன். எத்தனையோ நாளு கரண்ட் இல்லாம நாங்க கெடந்தப்ப சித்தப்பா போன் பண்ணாரு. மொத கேள்வி, "நம்ம பங்குல தென்ன எத்தன சாஞ்சிச்சு?" அண்ணே நீங்க எப்படி இருக்கீங்க, அண்ணிக்கு எப்படின்னு ஒரு வார்த்த வரல. அப்பா வெளியில போயி ஒவ்வொரு மரமா எண்ணி சொன்னாரு. அதையும் பாத்துத் தான் செஞ்சாரு. அந்த வீட்டுப் புள்ளைக்கு இவரு காமெடி பீஸு.

டீக்கடையில யாரோ அவர்கிட்ட ரீல்ஸ காட்டிட்டாங்க. வந்து "ஏம்மா, இதுல என்னத்துக்கு சிரிக்கிறாவொ?"ன்னு தான் கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

எடுத்துடு தம்பின்னு சொல்லிட்டேன். "வியூஸ் நல்லாப் போவுது அக்கா"ங்குறான். இன்னைக்கு ராத்திரிக்குள்ள எடுக்கலன்னா சித்தப்பாவுக்கே போன் போடுவேன், அந்தத் தென்னமரக் கணக்கும் சேத்துப் பேசுவேன். இத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போடப் போறவங்க முழுசாப் போடுங்க, பாதிய வெட்டிட்டுப் போடாதீங்க.