சோம்பேறிகளாம்!

சென்னை பாரிமுனை பிளாட்பாரத்தில் தூங்குகிற குடும்பத்தை, குழந்தை முகத்தைக்கூட மறைக்காமல் படம் எடுத்துப் போட்டு, "வீடு கொடுத்தாலும் போகாத சோம்பேறிகள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட்டின் விட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

அந்தப் பக்கம் சரக்கு லாரி வருவதே ராத்திரியில்தான். மூட்டை இறக்குவது யார்? விடிவதற்குள் கடை வாசல்களைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது யார்? வேலை அங்கே இருக்கிறது, அதனால் அங்கே படுக்கிறார்கள். சோம்பேறிகளாம்!

பிராட்வேயில் ஒரு கடையில் நான் கணக்கு எழுதிய காலத்தில் எதிரே ஓர் அக்கா பூ கட்டுவார். பிறந்தது, கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அதே தெரு பிளாட்பாரத்தில்தான், ரேஷன் கார்டும் ஓட்டும் உண்டு. பெரும்பாக்கத்தில் அரசு வீடு கிடைத்துப் போனவர் சில மாதத்தில் திரும்பிவிட்டார். "வூடு நல்லாத்தான் கீது தம்பி, அங்க யாரு எங்கைல பூ வாங்குவா?" என்றார். 25 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பிழைப்பை இங்கேயே வைத்திருந்தால் வேறென்ன செய்வார்?

பெண்களுக்கு பஸ் இலவசம்தானே என்பீர்கள். சரி, 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் இலவசம்தான். நடுராத்திரி மூட்டை இறக்குகிற அவர் புருஷனுக்கு எந்த பஸ்?

வீடில்லாதவர்கள் தங்கக் காப்பகம் இருக்கிறதே என்பீர்கள். லட்சம் பேருக்கு ஒன்று வேண்டுமென்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பெரும்பாலும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி பிள்ளை ஒரு பக்கம் என்று நீங்கள் போய்ப் படுப்பீர்களா? தெருவில் இருந்தாலோ கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, சமைக்க இடமில்லாத நாளில் கடைச் சோற்றுக்குக் காசு. நமக்கு வீட்டுக்குள் கிடைப்பதை எல்லாம் அவர்கள் சில்லறையாக வாங்குகிறார்கள். இதில் வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க முழித்திருக்கும் அம்மாக்கள் வேறு. இதையெல்லாம் சோம்பேறித்தனத்துக்காகவா ஒருத்தர் சகித்துக்கொள்வார்?

குடிக்கிறார்களே? சிலர் குடிக்கிறார்கள்தான். உங்கள் அபார்ட்மென்டில் யாரும் குடிப்பதே இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

"அப்படியானால் நீ கூட்டிப்போய் உன் வீட்டில் வை" என்று கமென்ட் போடக் காத்திருப்பவர்களுக்கு: என்னுடையதே வாடகை வீடு. ஊரிலிருந்து அம்மா வந்து ரெண்டு நாள் தங்கினாலே ஓனர் மோட்டார் ஓடுகிற கணக்கைக் கேட்கிறார். பத்து மாத அட்வான்ஸ் புரட்ட நான் பட்ட பாடு உங்களில் பலருக்குத் தெரியும், நீங்களும் பட்டிருப்பீர்கள். மாதச் சம்பளக்காரனுக்கே இந்தக் கதி, பூ கட்டுகிறவருக்கு பாரிமுனையில் யார் வீடு தருவார்கள்? அந்தப் படத்தை முதலில் நீக்குங்கள் சார், அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?