வாக்னர் அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு

பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் சிகரெட் அட்டை ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. சீட்டுக்கட்டுச் சீட்டைவிடச் சின்ன அட்டை. விலையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அந்த அட்டை அபூர்வமாகக் காரணமான ஒரு பெண்ணை யாரும் நினைப்பதில்லை என்பது என் வருத்தம்.

1880-களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது, நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை. அதை ஏன் வெறுமனே விட வேண்டும் என்று ரிச்மண்டின் ஆலன் அண்ட் கின்டர் போன்ற கம்பெனிகள் நடிகைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் வீரர்கள் படத்தையெல்லாம் அச்சடித்தன. செட் முழுசாகச் சேர வேண்டுமே, அதே பிராண்டைத்தான் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். நடிகைகள் படம் எந்த அளவுக்குப் போனதென்றால், சிகரெட் அதிபர் ஜேம்ஸ் டியூக்கின் அப்பாவே இந்த ஆபாசப் படங்களை நிறுத்து என்று 1894-ல் மகனுக்குக் கடிதம் எழுதினார்.

சரி, அந்தப் பெண். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊரைச் சேர்ந்த அபிகேல் ராபர்சன், பதின்வயதுப் பெண். ஒரு மாவு கம்பெனி அவரைக் கேட்காமலே அவர் படத்தைப் போட்டு ஏறக்குறைய 25,000 விளம்பரத் தாள்களை அச்சடித்துக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டியது. தெரிந்தவர்கள் கேலி செய்ய, அவமானத்தில் படுக்கையில் விழுந்துவிட்டார். 15,000 டாலர் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு 1902-ல் தோற்றது, நான்குக்கு மூன்று நீதிபதிகள் என்ற கணக்கில். ஜனங்களுக்கு வந்த கோபத்தில் மறு வருடமே நியூயார்க்கில் சட்டம் வந்தது: எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒருவர் முகத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

வாக்னர் அட்டையை வெளியிட்ட அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைமையகம் அதே நியூயார்க்கில்தான். 1909-ல் அவர்கள் வீரர்களிடம் சம்மதம் கேட்டு அலைந்ததற்கு இந்தச் சட்டம்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். வாக்னர் முடியாது என்றார், அட்டை நின்றது, இன்று மிஞ்சியிருப்பவை 50, 60 இருக்கும்.

சிறுவர்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்கக் கூடாதென்று மறுத்தார் என்பார்கள், பணம் போதாமல் மறுத்தார் என்றும் சொல்வார்கள். அவரே புகையிலை மெல்லுகிறவர்தான். ஆனால் சம்மதம் வாங்கித் தந்தால் 10 டாலர் கிடைக்கும் என்றிருந்த பத்திரிகையாளருக்கு, மறுப்புக் கடிதத்தோடு தன் கையிலிருந்து 10 டாலர் செக்கையும் வைத்து அனுப்பினார் என்று 1912-ல் ஒரு விளையாட்டு இதழ் எழுதியது. பணத்துக்காக மறுத்தவர் அப்படிச் செய்வாரா? நான் வாக்னரை மதிக்கிறேன். ஆனால் அவர் மறுத்ததும் அட்டை நின்றதே, அந்த வசதி அபிகேலுக்குக் கிடைக்கவில்லை.