இரட்சிக்கப்பட்ட தேதி

அக்கா மகனுக்குப் பெண் பார்க்கிறோம். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பயோடேட்டா வந்தது. உயரம், படிப்பு, சம்பளம், திருச்சபை எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி: ‘இரட்சிக்கப்பட்டது – 14.05.2016’. மனம் திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளாம். இன்னும் இரண்டு வரி தள்ளி, ‘சொந்தச் சாதியில் மட்டும்’.

சிரித்துவிட்டேன். அப்புறம் மறுபடியும் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அதை டைப் செய்தது அவளாக இருக்காது. நம் சபைகளில் வளர்ந்த யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. “தம்பி, இரட்சிக்கப்பட்டாச்சா? எப்போ?” தேதி சொன்னால் கேட்டவர் முகம் மலரும். திருதிருவென்று விழித்தால் நின்ற இடத்திலேயே தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூன்று வருடம் தொடர்ந்து கன்வென்ஷன் பந்தலில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையை உயர்த்தியவன். இதில் எந்த வருடத்தைக் கணக்கில் சேர்ப்பது?

ஒரே இரவில் மாறியவர்கள் இருக்கிறார்கள். குடியை அப்படி விட்ட ஒருவரை எனக்கே தெரியும். ஆனால் சபையில் எழுந்து நின்று நாம் சொல்லும் சாட்சிகள் எல்லாம் அந்த இரவோடு முடிந்துவிடுகின்றன. இருபது வருடம் கழித்துப் பங்காளியோடு சொத்துத் தகராறு வந்தபோது அந்த அண்ணன் எப்படி நடந்துகொண்டார் என்பது எந்தச் சாட்சியிலும் வராது.

தேதியை நிமிடக் கணக்கோடு சொன்னவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் முன்பு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் தன் உள்ளம் அனலானதாக எழுதினார். போக மனமில்லாமல்தான் அங்கே போயிருக்கிறார். அந்த நாளை மெதடிஸ்ட் சபைகள் இன்றும் நினைவுகூருகின்றன. அதே வெஸ்லி 1739 ஜனவரியில் தன் நாட்குறிப்பில், நான் இப்போதும் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதியதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

வேதாகமத்தில் வினைச்சொற்களை மட்டும் கவனியுங்கள். எபேசியர் 2:8இல் ‘இரட்சிக்கப்பட்டீர்கள்’. சரி, முடிந்தது. 1 கொரிந்தியர் 1:18இல் ‘இரட்சிக்கப்படுகிற நமக்கோ’. நடந்துகொண்டிருக்கிறது. ரோமர் 13:11க்கு வந்தால், விசுவாசிகளான நாளைவிட இரட்சிப்பு இப்போது ‘அதிக சமீபமாயிருக்கிறது’. அப்படியென்றால் இன்னும் கைக்கு வரவில்லை. மூன்றுமே பவுலின் நிருபங்கள்தான். பயோடேட்டாவில் ஏறியது முதல் வசனம் மட்டும்.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் பிடித்துக்கொண்டார். “அப்போ கிருபை போதாதா? மனுஷன் தன் முயற்சியில சம்பாதிக்கணுமா?” நியாயமான கேள்விதான். தமிழ் மண்ணுக்குப் புதிதும் அல்ல. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுகளாக வாதாடியது கிட்டத்தட்ட இதைத்தான். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிறது. பக்தன் குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா? பிலிப்பியர் 3:12இல் பவுல் என்ன சொல்கிறார் பாருங்கள். ‘அடைந்தாயிற்று’ என்று தான் எண்ணவில்லை என்கிறார். கிறிஸ்துவினால் எதற்காகப் ‘பிடிக்கப்பட்டேனோ’, அதைப் ‘பிடித்துக்கொள்ளும்படி’ தொடர்கிறேன் என்கிறார். பூனையும் குரங்கும் ஒரே வசனத்தில்! தமஸ்கு சாலையில் வெளிச்சம் கண்டு கீழே விழுந்தவர் எழுதியது இது. தேதி சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியனின் கதையைத் தழுவி அவர் எழுதிய காப்பியம் வெளிவந்தது 1894இல். முப்பத்தாறு வருடம் கிறிஸ்தவராக வாழ்ந்துவிட்டு அவர் அதற்கு வைத்த பெயர் ‘இரட்சணிய யாத்திரிகம்’.

இனி அந்தச் சாதி வரி. பேதுரு கடல்மேல் நடந்தார், மறுதலித்தார், அழுதார், பெந்தெகொஸ்தே நாளில் ஆவியின் நிறைவும் பெற்றார். அதற்கெல்லாம் பிறகுதான் அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்லப் பந்தியை விட்டு விலகினார். கலாத்தியர் 2இல் இருக்கிறது. பவுல் முகத்துக்கு நேரே கேட்டார். கூடிச் சாப்பிடுவதில் பேதுருவே சறுக்கினார் என்றால், நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்துக்குள் சாதி பிரித்து நின்ற சுவர் 1910 வரைக்கும் இடிபடாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்? சம்பந்தம் பேசும்போது நாம் இன்றைக்கும் சுவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 14.05.2016 அன்று இந்தச் சுவரில் ஒரு செங்கல்லாவது விழுந்ததா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

எங்கள் ஆச்சிக்கு இரட்சிக்கப்பட்ட தேதி கிடையாது. கைக்குழந்தையாக ஞானஸ்நானம், பதினான்கு வயதில் சபை முன்னால் விசுவாசத்தை உறுதி சொல்லும் திடப்படுத்தல், அவ்வளவுதான். வரப்பில் நின்ற ஒற்றைப் பனைக்காகத் தம்பி வீட்டோடு பேச்சில்லாமல் இருந்தாள். அந்த வருடங்கள் முழுக்க ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாள், நற்கருணை வாங்க மட்டும் எழுந்திருக்க மாட்டாள். சபைப் போதகர் ஐயர்வாள் கேட்டதற்கு, “மனசுல கசப்ப வச்சிக்கிட்டு எப்படிய்யா கைய நீட்ட?” என்றாளாம். எழுபதைத் தாண்டி ஒரு சாயங்காலம், என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, ஓலைக்கொட்டானில் கருப்பட்டியோடு தம்பி வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில், “திரும்பிருவமா?” என்றாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம் அவளே நடந்தாள். அங்கே போய்ப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தம்பி பெண்டாட்டி கொட்டானை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் காப்பி போட்டாள். சர்க்கரை தூக்கல் என்று திரும்பி வரும் வழியெல்லாம் ஆச்சி குறை சொன்னாள்.

அடுத்த ஞாயிறு எழுந்து போய்க் கையை நீட்டினாள். அது எந்தத் தேதி என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா மகனின் பயோடேட்டாவை நான்தான் எழுதித் தர வேண்டும். சாதி வரியை எடுத்துவிட்டேன். அக்காவுக்குக் கோபம். ‘இரட்சிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் என்ன போடட்டும் என்று அவனிடமே கேட்டேன். “இன்னும் முடியலையே மாமா” என்றான். தரகர் அண்ணாச்சி காலையிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.