“இளநீரும் ஏத்தன்பழமும் கிட்னிக்கு மருந்து” என்று வரும் செய்தி தவறு

“முதியோர் இல்லங்களில் பத்தியம் என்று சொல்வது செலவை மிச்சம் பிடிக்கத்தான். தினம் இளநீர், ஏத்தன்பழம் (நேந்திரம் வாழைப்பழம்) கொடுங்கள், கிட்னி சரியாகும்.” நாகர்கோவில், தக்கலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியை நம்ப வேண்டாம்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உடம்பில் சேரும் பொட்டாசியம் முழுதாக வெளியேறாது. அது ரத்தத்தில் கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேவிடும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். 100 கிராம் வாழைப்பழத்திலேயே சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் பாசத்தோடு சீவிக் கொடுக்கும் ஒரு இளநீர்தான் ஆபத்தாகிறது. நம்மூரில் இதைச் சொன்னால் மனசு கேட்காது, தெரியும்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கஞ்சியைக் குழைத்துக் கெட்டியாகக் கொடுப்பதும் சிக்கனம் இல்லை. தண்ணியாக இருந்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வயதானவர் மெலிந்துபோனால் டாக்டரே பத்தியத்தைத் தளர்த்துவதும் உண்டு. ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும். சந்தேகமிருந்தால் இல்லத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலோ விசாரியுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.